ரூட்டரில் மாற்று வழி அமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இரண்டாவது இணைய இணைப்பு வாங்கியவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் ஒரே ஐயங்களைக் கேட்கிறார்கள் என்பதால், அவற்றையும் நான் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு முழுவதும் ஒரே அலுவலகம்தான். அதன் முதன்மை இணைப்பு ஃபைபர். கேட்வே, அதாவது வெளியே போகும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) ரூட்டர் முதலில் ஒப்படைக்கும் எதிர்முனைக் கருவி, அதன் முகவரி 203.0.113.1. மாற்று இணைப்பு சிம் போட்ட 4ஜி ரூட்டர். அதன் முகவரி 192.168.8.1. முதல் முகவரி ஆவணங்களில் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட வரம்பைச் சேர்ந்தது. அந்த இடத்தில் உங்கள் சேவை நிறுவனம் தந்த கேட்வே முகவரியை எழுதிக்கொள்ள வேண்டும்.

ரெண்டு லைனையும் ரூட்டர்ல சொருகியாச்சு. அதுவே பேக்கப் ஆகிடாதா?

ஆகாது. ரூட்டர் தன் வழி அட்டவணையைப் பார்த்துத்தான் ஒவ்வொரு பாக்கெட்டையும் அனுப்புகிறது. வேறு எந்த வரியிலும் பொருந்தாத முகவரிக்கான பாக்கெட் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் வரிக்கு டீஃபால்ட் ரூட் என்று பெயர், அது 0.0.0.0/0 என்று எழுதப்படும். இரண்டாவது இணைப்பின் வழியாகவும் ஒரு டீஃபால்ட் ரூட் எழுதினால்தான் அந்த இணைப்பு இருப்பதே ரூட்டரின் கணக்கில் வரும்.

இரண்டையும் ஒரே மதிப்பில் எழுதிவிட்டால் அது மாற்று வழியாக இருக்காது, சுமைப் பகிர்வாகிவிடும். சில தொடர்புகள் ஃபைபரிலும் சில 4ஜியிலும் போகும். அந்த நிலையில் ஓர் இணைப்பு ரூட்டருக்குத் தெரியாமல் செத்துப்போனால், அதன் பங்குக்கு வந்த தொடர்புகள் மட்டும் நின்றுபோகும். "சில தளங்கள் வருகின்றன, சில வரவில்லை" என்ற புகாரில் பாதி இப்படி வருவதுதான்.

டிஸ்டன்ஸ்னு ஒரு எண் கேக்குதே, அது கேபிள் நீளமா?

இல்லை. ஒரே இலக்குக்கு இரண்டு வழிகள் இருக்கும்போது எதை அதிகம் நம்ப வேண்டும் என்று ரூட்டருக்குச் சொல்லும் எண் அது. எண் குறைவாக இருந்தால் நம்பிக்கை அதிகம். சிஸ்கோ ரூட்டரில் நேரடியாக இணைந்த நெட்வொர்க்குக்கு 0, கையால் எழுதிய நிலையான வழிக்கு 1, ரூட்டர்கள் தமக்குள் வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறைகளில் ஓஎஸ்பிஎஃப் மூலம் அறிந்த வழிக்கு 110, ரிப் மூலம் அறிந்ததற்கு 120 என்று இயல்பாகவே மதிப்புகள் உண்டு; 255 என்று இருந்தால் அந்த வழி பயன்படுத்தப்படவே மாட்டாது. ஜூனிப்பர் நிறுவன ரூட்டரில் இதே கருத்துக்கு வேறு எண்கள். அங்கே நிலையான வழிக்கு 5. லினக்ஸில் நிலையான வழிகளுக்கு இடையே இந்த வேலையை மெட்ரிக் என்ற எண் செய்கிறது.

ஆகவே ஃபைபர் வழியை 1 என்றே விட்டுவிட்டு, 4ஜி வழியை 10 என்று எழுதினால், முதல் வழி அட்டவணையில் இருக்கும்வரை இரண்டாவது ஒதுங்கி நிற்கும். முதலாவது நீங்கியதும் மேலே வரும். இதை மிதக்கும் நிலையான வழி என்பார்கள். ஓர் எச்சரிக்கை: ஃபைபர் இணைப்பின் முகவரி டிஹெச்சிபி (முகவரியைத் தானாக வழங்கும் முறை) மூலம் வருமானால், சிஸ்கோ ரூட்டர் அந்த டீஃபால்ட் ரூட்டுக்கு 254 என்ற மதிப்பைக் கொடுக்கிறது. நீங்கள் 10 என்று எழுதிய 4ஜி வழி அப்போது மாற்றாக நில்லாமல் முதன்மையாகிவிடும். டேட்டா தீர்ந்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

பேக்கப் ரூட் எழுதினேன், ஆனா ரூட்டிங் டேபிள்ல காட்டவே இல்லையே?

காட்டாததுதான் சரி. சிஸ்கோவில் "ஷோ ஐபி ரூட்" கட்டளை வெற்றி பெற்ற வழியை மட்டுமே காட்டும். மாற்று வழி எழுதப்பட்டிருக்கிறதா என்பதை ஓடும் கான்ஃபிகில், அதாவது ரூட்டர் இப்போது பயன்படுத்தும் அமைப்பு வரிகளில், பார்க்க வேண்டும். மைக்ரோடிக் நிறுவன ரூட்டரில் இரண்டும் தெரியும், ஆனால் செயலில் உள்ள வழியின் பக்கத்தில் மட்டும் ஏ என்ற குறி இருக்கும். லினக்ஸில் இரண்டும் வேறுவேறு மெட்ரிக்குடன் வரிசையாகத் தெரியும்.

ஃபைபர் அறுந்து நெட் போயிடுச்சு. ரூட்டர் பேக்கப்புக்கு மாறவே இல்ல. ஏன்?

இந்தத் தொகுப்பை எழுதத் தூண்டிய கேள்வி இதுதான். நிலையான வழி எப்போது அட்டவணையிலிருந்து நீங்கும் என்பதைப் புரிந்துகொண்டால் விடை தெரிந்துவிடும்: அந்த வழி போகும் போர்ட் அணைந்தால் நீங்கும். வேறு எதற்காகவும் தானாக நீங்காது. உங்கள் ரூட்டருக்கும் தெருவிலிருந்து வரும் ஃபைபருக்கும் நடுவே, ஃபைபரின் ஒளியை ஈதர்நெட்டாக மாற்றும் ஓஎன்டி என்ற பெட்டி இருக்கிறது. ரூட்டரின் போர்ட் அந்தப் பெட்டியோடுதான் ஒரு முழ நீள ஈதர்நெட் கேபிளால் பேசுகிறது. வெளியே ஃபைபர் அறுந்தால் ஓஎன்டியில் லாஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னும். ஆனால் அந்தச் சிறு கேபிளின் இரு முனையிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ரூட்டரின் பார்வையில் எதுவும் நடக்கவில்லை. அது எல்லாப் பாக்கெட்டுகளையும் செத்த வழியிலேயே தொடர்ந்து அனுப்பும்.

இதை நான் கற்றது ஓர் ஆலையின் அலுவலகத்தில். மாற்று வழியை எழுதி, சோதிப்பதற்காக ரூட்டரின் போர்ட்டிலிருந்து கேபிளை உருவினேன். உடனே 4ஜிக்கு மாறியது. வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கி வந்தேன். சில மாதங்கள் கழித்துச் சாலை தோண்டியதில் ஃபைபர் அறுந்தது. அன்று லாரிகள் சரக்கேற்றிக்கொண்டு இ-வே பில்லுக்காக வாசலில் காத்து நின்றன. பக்கத்திலேயே 4ஜி ரூட்டர் முழு சிக்னலுடன் சும்மா இருந்தது. நான் போய்ப் பார்த்தபோது சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒரு சாண் இடைவெளியில் எரிந்துகொண்டிருந்தன. நான் சோதித்தது கேபிளை உருவினால் என்ன ஆகும் என்பதை, நடந்ததோ வேறு. அன்றிலிருந்து, பழுதைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இல்லாமல் இரண்டாவது வழியை நான் எழுதுவதே இல்லை.

பிபிபிஓஇ மூலம் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து ரூட்டரே நேரடியாக இணையும் இடங்களில் நிலைமை சற்று மேல். அங்கே எதிர்முனையோடு, "இருக்கிறாயா" என்று கேட்கும் எல்சிபி எதிரொலிச் செய்திகள் போய்வருவதால், அவை நின்றதும் இணைப்பு விழுந்து வழியும் நீங்கிவிடும். ஆனால் எதிர்முனைக்கு அப்பால் நிகழும் பழுதை அதுவும் அறியாது.

அப்போ எதை பிங் பண்ணிப் பார்க்கணும்? கேட்வே போதுமா?

போதாது. பிங் என்பது ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. கேட்வே பதில் சொல்வதால் உங்கள் கட்டடத்திலிருந்து சேவை நிறுவனத்தின் முதல் கருவி வரை வழி சரியாக இருக்கிறது என்று மட்டுமே தெரியும். அதற்கு மேல் அவர்களுடைய நெட்வொர்க்கில் பழுது ஏற்பட்டால் கேட்வே பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், உங்களுக்கு இணையம் இருக்காது. ஆகவே அவர்கள் நெட்வொர்க்குக்கு வெளியே, எப்போதும் பதில் சொல்லும் ஒரு முகவரியைப் பிங் செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். இதற்குப் பயன்படும் பொது டிஎன்எஸ் சேவைகள் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருபவை) பிங்குக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை அல்ல. நெரிசலில் பதிலைக் குறைக்கவும் செய்யலாம். வேறுவேறு நிறுவனங்களின் இரண்டு முகவரிகளை வைத்து, இரண்டுமே பதில் சொல்லாதபோதுதான் வழி செத்தது என்று முடிவு செய்யுமாறு அமைப்பது நல்லது. நான் வழக்கமாகக் குவாட்9 நிறுவனத்தின் 9.9.9.9, கூகுளின் 8.8.4.4 ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

சிஸ்கோல இத எப்படி எழுதறது?

மூன்று துண்டுகள் வேண்டும். முதலாவது ஐபி எஸ்எல்ஏ என்ற ஆய்வு: 9.9.9.9க்கு ஐசிஎம்பி எக்கோ, அதாவது பிங், அனுப்பச் சொல்லி, எத்தனை விநாடிக்கு ஒருமுறை என்பதையும் குறிப்பிட வேண்டும். எதுவும் சொல்லாவிட்டால் 60 விநாடிக்கு ஒருமுறைதான் அனுப்பும். அது மிக மெதுவானது என்பதால் 10 விநாடி என்று மாற்றி, காத்திருப்பு நேரத்தை 2 விநாடியாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆய்வை எழுதினால் மட்டும் போதாது, அதற்குரிய ஷெட்யூல் கட்டளையால் ஓடத் தொடங்கச் செய்ய வேண்டும். மறந்துபோகும் வரி பெரும்பாலும் இதுதான். இரண்டாவது முகவரிக்கு இன்னோர் ஆய்வு.

இரண்டாவது துண்டு டிராக், அதாவது ஆய்வின் முடிவைக் கவனித்து விழுந்தது, எழுந்தது என்று அறிவிக்கும் வரி. ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு டிராக் எழுதி, இரண்டையும் "அல்லது" உறவில் சேர்த்து மூன்றாவதாக ஒன்றை உருவாக்க வேண்டும். அந்த மூன்றாவதற்குத் தாமதம் கொடுங்கள்: விழுந்ததாக அறிவிக்க 25 விநாடி, எழுந்ததாக அறிவிக்க 120 விநாடி. 25 என்பதால் அடுத்தடுத்து மூன்று பிங் தோற்றால்தான் மாறும். மூன்றாவது துண்டு வழி: 203.0.113.1 நோக்கிய டீஃபால்ட் ரூட்டின் இறுதியில் டிராக் என்ற சொல்லையும் அந்த எண்ணையும் சேர்த்து, 192.168.8.1 நோக்கிய டீஃபால்ட் ரூட்டை 10 என்ற டிஸ்டன்ஸுடன் எழுத வேண்டும்.

அப்படியே எழுதினேன். லைன் போனதும் 4ஜிக்கு மாறுது, கொஞ்ச நேரத்துல செத்த லைனுக்கே திரும்பிப் போகுது, மறுபடி மாறுது. என்ன தப்பு?

உங்கள் பிங் வழி மாறிப் போகிறது. ஃபைபர் அறுந்ததும் பிங் தோற்கிறது, டீஃபால்ட் ரூட் 4ஜிக்கு மாறுகிறது. அடுத்த பிங்கும் அதே டீஃபால்ட் ரூட்டைப் பார்த்து 4ஜி வழியாகவே போய், பதிலோடு திரும்புகிறது. "ஃபைபர் உயிர் பெற்றது" என்று ரூட்டர் நம்பி, வழியைத் திருப்புகிறது. அங்கே எதுவும் இல்லாததால் மீண்டும் தோற்கிறது. பழுது சரியாகும்வரை இது நிற்காது. ஆய்வில் சோர்ஸ் இன்டர்ஃபேஸைக் குறிப்பிட்டால் தீர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியைத்தான் தீர்மானிக்கிறது, எந்த வழியாக வெளியேறும் என்பதைத் தீர்மானிப்பதில்லை.

ஆகவே பிங் செய்யும் ஒவ்வொரு முகவரிக்கும் தனியாக ஒரு /32 வழியை (அந்த ஒரே முகவரிக்கு மட்டும் பொருந்தும் வழி) 203.0.113.1 நோக்கி எழுதி, அதை ஃபைபரோடு பிணைத்துவிட வேண்டும். வழித் தேர்வில் மிக நீளமாகப் பொருந்தும் வரிக்கே முதலிடம் என்பதால் டீஃபால்ட் ரூட் எங்கே மாறினாலும் அந்தப் பிங் ஃபைபரில் மட்டுமே போகும். இன்னும் ஓர் ஓட்டை இருக்கிறது: போர்ட்டே அணைந்தால் இந்த /32 வழியும் நீங்கி, பிங் மறுபடி 4ஜியில் நழுவும். அதே /32 முகவரிகளை நல்0 (வந்ததைத் தூக்கி எறியும் போலி போர்ட்) நோக்கி 250 என்ற டிஸ்டன்ஸில் எழுதி வைத்தால் அப்போது பிங் குப்பைக்குப் போகும், தவறான நற்செய்தி வராது.

மைக்ரோடிக்ல செக் கேட்வேன்னு ஒரு டிக் இருக்கே, அது போதாதா?

அந்த வசதி 10 விநாடிக்கு ஒருமுறை கேட்வேயைச் சோதித்து, இருமுறை பதில் வராவிட்டால் வழியை ஒதுக்கிவிடும். ஓஎன்டி சிக்கலுக்கு அது நல்ல தீர்வு. ஆனால் கேட்வேயை மட்டும் சோதிப்பதன் குறை முன்பே சொன்னதுதான்.

அதைத் தாண்ட, ஒரு வழியை இன்னொரு வழியின் மேல் ஏற்றி எழுதலாம். முதலில் 9.9.9.9/32க்கு 203.0.113.1 கேட்வே என்று ஓர் உதவி வழி. பிறகு டீஃபால்ட் ரூட்டின் கேட்வேயாக 9.9.9.9ஐயே எழுதி அதில் செக் கேட்வே பிங் வைக்க வேண்டும். உண்மையில் பாக்கெட்டுகள் 203.0.113.1க்குத்தான் போகும், சோதனை மட்டும் 9.9.9.9 வரை நீளும். உதவி வழியின் ஸ்கோப் எண்ணை 10 என்றும் டீஃபால்ட் ரூட்டின் டார்கெட் ஸ்கோப்பை 11 என்றும் வையுங்கள்; ஒரு வழி எந்த வழியின் மேல் ஏறலாம் என்று தீர்மானிக்கும் எண்கள் இவை. மைக்ரோடிக்கின் இயங்குதளமான ரூட்டர்ஓஎஸ் 6இலிருந்து 7க்கு மாறியவர்களின் பழைய அமைப்பு வேலை செய்யாமல் போவதற்கு, பெரும்பாலும் இந்த இரு எண்கள்தான் காரணம்.

ரூட் மாறிடுச்சு, பிரவுசர் வருது. ஆனா ஐபி போன் மட்டும் அரைமணி நேரமா செத்துக் கிடக்கு?

வழி மாறும்போது உங்கள் வெளி முகவரியும் மாறுகிறது. பழைய முகவரியில் தொடங்கிய தொடர்புகள் எல்லாம் அறுந்துதான் தீரும். பிரவுசர் புதிதாகத் தொடங்கிக்கொள்வதால் நீங்கள் உணர்வதில்லை. ஐபி போன் யுடிபி மூலம், ஒரே போர்ட்டிலிருந்து, சில விநாடிகளுக்கு ஒருமுறை விடாமல் செய்தி அனுப்புகிறது. உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் ரூட்டரின் நாட் அட்டவணையில் அந்தத் தொடர்புக்குப் பழைய ஃபைபர் முகவரி பதிவாகியிருக்கும். போன் பேசிக்கொண்டே இருப்பதால் அந்தப் பதிவு காலாவதி ஆவதில்லை. ஆகவே 4ஜி வழியாகப் போகும் பாக்கெட்டில் ஃபைபரின் முகவரி இருக்கும். தன்னுடையதல்லாத அனுப்புநர் முகவரியைச் சேவை நிறுவனம் தடுக்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 2827 என்ற இணைய நெறி ஆவணம் தொட்டு வரும் நல்ல நடைமுறை. அது தடுக்கப்படாவிட்டாலும் பதில் உங்களிடம் வராது.

தீர்வு, வழி மாறும் கணத்தில் அந்தப் பதிவுகளை அழித்துவிடுவது. சிஸ்கோவில் ஈஈஎம் (ஒரு நிகழ்வு நேர்ந்ததும் கட்டளைகளை ஓட்டும் வசதி) மூலமும், மைக்ரோடிக்கில் நெட்வாட்ச் ஸ்கிரிப்ட் மூலமும், லினக்ஸில் கான்டிராக் கருவியாலும் இதைச் செய்யலாம். அதற்கு முன், இரண்டு இணைப்புகளுக்கும் தனித்தனி நாட் விதி இருக்கிறதா என்று பாருங்கள். 4ஜி பக்கத்துக்கு அந்த விதியை எழுதவே மறந்த அமைப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேக்கப்ல இருக்கும்போது பிங் போகுது, ஆனா எந்த சைட்டும் திறக்கல?

பெரும்பாலும் டிஎன்எஸ். ஃபைபர் நிறுவனம் தந்த டிஎன்எஸ் முகவரி, அவர்களுடைய வாடிக்கையாளர் முகவரியிலிருந்து கேட்டால் மட்டுமே பதில் சொல்லும்படி இருக்கும். 4ஜியிலிருந்து கேட்டால் மௌனம். கணினிகளுக்கு 1.1.1.1, 8.8.8.8 போன்ற பொது முகவரிகளைக் கொடுங்கள். ஆனால் பிங்குக்காக ஃபைபரோடு பிணைத்த முகவரிகளை டிஎன்எஸ்ஸாகக் கொடுக்கவே கூடாது. ஃபைபர் இல்லாதபோது அவை யாருக்கும் எட்டாது. நான் பிங்குக்கு வேறு முகவரிகளை எடுத்ததன் காரணம் இதுவே.

4ஜில ஓடும்போது வெளியில இருந்து ஆபீஸ் கேமராவ பார்க்க முடியல. போர்ட் ஃபார்வர்ட் சரியாத்தான் இருக்கு.

4ஜி ரூட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால், பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாட்டுக்குள் இருக்கிறீர்கள். 2012இல் வெளியான ஆர்எஃப்சி 6598 அந்த வரம்பை இதற்கென்றே ஒதுக்கியது. 10இல் தொடங்கும் முகவரியாக இருந்தாலும் நிலைமை அதுதான். உள்ளே வரும் தொடர்புக்கு அங்கே வழி கிடையாது. அலுவலகத்திலிருந்து வெளியே உள்ள ஒரு சர்வருக்கு வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம் ஒன்றைத் திறந்து, 25 விநாடிக்கு ஒரு கீப்அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்கும் செய்தி) வைத்து, அதன் வழியாகக் கேமராவை அடைவதே நம்பகமான முறை. வழி எத்தனை முறை மாறினாலும் சுரங்கம் தானாக மறுபடி இணைந்துகொள்ளும்.

ரெண்டு லைனும் ஒரே கம்பெனில எடுத்தா பில்லு சுலபம். பரவாயில்லையா?

வேண்டாம் என்றே சொல்வேன். 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் மைய நெட்வொர்க்கில் மேம்படுத்தும் பணியின்போது ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டதால், வழித் தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து மைய ரூட்டர்கள் செயலிழந்தன. மொபைலும் வீட்டு இணைப்பும் ஒரே மையத்தைப் பகிர்ந்ததால் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. இன்டராக் என்ற நாடு தழுவிய பணப் பரிமாற்ற வலையமைப்பும் நின்றது. பழுதைச் சரிசெய்ய வேண்டிய பணியாளர்களின் நிர்வாக நெட்வொர்க்கும் அதே மையத்தை நம்பியிருந்தது.

நிறுவனம் வேறாக இருந்தாலும் பாதையையும் கேளுங்கள். இரண்டு ஃபைபர்களும் ஒரே கம்பத்தில் தொங்கினால் ஒரே லாரி இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும். சிறு அலுவலகத்துக்கு ஒன்று ஃபைபர், மற்றொன்று வேறு நிறுவனத்தின் 4ஜி என்பதே பொருத்தமான இணை. ஓஎன்டி, ரூட்டர், 4ஜி பெட்டி மூன்றும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

ரூட்டரே எரிஞ்சு போனா என்ன செய்ய?

அதற்கு இரண்டு ரூட்டர்களும் விஆர்ஆர்பி என்ற நெறிமுறையும் வேண்டும். இரண்டும் ஒரு மெய்நிகர் முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். கணினிகள் அதையே கேட்வேயாக வைத்திருக்கும். தலைமை ரூட்டர் விநாடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று அறிவிக்கும். அது நின்றால் இயல்பான அமைப்பில் நான்கு விநாடிக்குள் மற்றது பொறுப்பேற்கும். தலைமை ரூட்டர் உயிரோடிருந்து அதன் இணையம் மட்டும் செத்தால் விஆர்ஆர்பி தானாக மாறாது என்பதால், மேலே சொன்ன டிராக்கை அதனோடும் இணைக்க வேண்டும்.

ஐபிவி6க்கும் தனியா எழுதணுமா?

ஆம், புதிய நீண்ட முகவரி முறையான அதற்கு முற்றிலும் தனி அட்டவணை. மேலும் ஒவ்வொரு நிறுவனமும் வேறு முன்னொட்டை (முகவரியின் தொடக்கப் பகுதி) தருவதால், வழி மாறும்போது கணினிகளின் முகவரிகளே மாற வேண்டும். 4ஜி பக்கம் ஐபிவி6 அமைக்காத இடங்களில், ஃபைபர் விழுந்ததும் உள் நெட்வொர்க்கில் ஐபிவி6 அறிவிப்பை நிறுத்தும்படி வைப்பது குறைந்தபட்சத் தேவை.

எல்லாம் எழுதியாச்சு. எப்படி டெஸ்ட் பண்றது?

ரூட்டரிலிருந்து கேபிளை உருவுவதோடு நிறுத்தாதீர்கள். ஓஎன்டியின் அடியில் உள்ள பச்சை முனை ஃபைபரை உருவுங்கள். முனையைத் தொடாமல், அதற்குள் பார்க்காமல், மூடியிட்டு வையுங்கள். ஒரு கணினியில் 1.1.1.1க்கு விடாமல் பிங் ஓடட்டும். எத்தனை பதில்கள் தவறின என்று எண்ணினால் மாற்றத்துக்கு ஆன நேரம் தெரியும். மேலே சொன்ன எண்களில் அரை நிமிடத்தை ஒட்டி வர வேண்டும். அடுத்து, ஃபைபர் இணைந்திருக்கும்போதே, 9.9.9.9, 8.8.4.4 இரண்டுக்கும் ரூட்டரிலிருந்து போகும் பிங்கை மட்டும் தடுத்துப் பாருங்கள். கேட்வே உயிரோடிருக்க அப்பால் பழுது என்ற நிலையை அது காட்டும். இரண்டிலும் போன் பேசிப் பாருங்கள், பில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

லைன் திரும்ப வந்ததும் உடனே மாறிடணும்ல?

கூடாது. அறுந்த ஃபைபரை ஒட்டுபவர் வேலை முடியும் முன் இரண்டு மூன்று முறை இணைத்துப் பார்ப்பார்; ஒவ்வொரு முறையும் நீங்கள் மாறினால் எல்லாத் தொடர்பும் அத்தனை முறை அறும். எழுந்ததாக அறிவிக்க 120 விநாடி என்று மேலே வைத்தது அதற்காகவே. பேசிக்கொண்டே இருக்கும் வாடிக்கையாளர் சேவை மையம் போன்ற இடங்களில் நான் இன்னும் நீட்டி 600 விநாடி வைக்கிறேன்.

மாறினதே தெரியல. நாலு நாளா 4ஜில ஓடி டேட்டா பூரா காலி. என்ன செய்யலாம்?

மாற்று வழி நன்றாக வேலை செய்தால் யாருக்கும் தெரியாது. ஆகவே சொல்லும் ஏற்பாடு அமைப்பின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். டிராக் நிலை மாறும்போது மின்னஞ்சலோ டெலிகிராம் செய்தியோ அனுப்பும் ஸ்கிரிப்டை வையுங்கள். நிலை மாறிய கணத்தில் அனுப்பும் செய்தி பழைய வழியில் சிக்கித் தொலையக்கூடும் என்பதால், 30 விநாடி பொறுத்து அனுப்பச் சொல்லுங்கள். 4ஜி போர்ட்டில் விருந்தினர் வைஃபையையும் கணினிகளின் தானியங்கி அப்டேட்டையும் தடுத்து, பில்லிங்குக்கும் போனுக்கும் முன்னுரிமை கொடுத்துவிட்டால் சிறிய சிம் திட்டமே நாள் முழுவதும் தாங்கும். மாதம் ஒருமுறை 4ஜி வழியாகவும் ஒரு பிங் அனுப்பிப் பாருங்கள். ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மோடு பெட்டி சும்மா நிற்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.